தோட்டத்து ரவுட்டர் போனை எடுக்கட்டும், யாரென்று கேட்டுவிட்டு: டயல்-அப் அமைப்புக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் கணினி வேலை பார்ப்பவர்களுக்கு இந்த நிலைமை பழகிப்போன ஒன்று. ஆலையும் தோட்ட ஆபீசும் செம்பனைக்குள்ளே இருக்கும். தலைமை அலுவலகம் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். நடுவில் ஒரே ஒரு ஃபைபர் கம்பி. கால்வாய் தோண்டுகிற இயந்திரம் அதை அறுத்துவிட்டால் அன்றைய எடைமேடைக் கணக்கு போய்ச் சேராது. ரவுட்டரில் ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டுமென்றாலும் செம்மண் சாலையில் வண்டியை விட்டுக்கொண்டு நேரில் போக வேண்டும். கைத்தொலைபேசி அலையும் மரங்களுக்குள்ளே வருவதும் போவதுமாகத்தான் இருக்கும். ஆனால் ஆபீசில் பழைய செப்புக் கம்பித் தொலைபேசி லைன் இன்னும் உயிரோடு இருந்தால், அதில் ஒரு மோடத்தை மாட்டி, அதைச் சிஸ்கோ ரவுட்டரோடு இணைத்து, வெளியிலிருந்து போன் போட்டு உள்ளே வருவதற்கு ஒரு மாற்று வழி செய்துவிடலாம்.

வேகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோடம் அட்டையில் 56 கே என்று போட்டிருந்தாலும், இரண்டு முனையிலும் சாதாரண அனலாக் மோடம் இருந்தால் 33.6 கிலோபிட்டுக்கு மேல் கிடைக்காது. 1998-இல் வந்த வி.90 முறையின் 56 கே வேகத்துக்கு ஒரு முனை தொலைபேசி வலையமைப்போடு டிஜிட்டலாகவே இணைந்திருக்க வேண்டும். இணையச் சேவை நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருந்தன. நம்மிடம் அது இல்லை. கணக்குப் போட்டால் ஒரு மெகாபைட்டுக்கு ஏறக்குறைய நாலு நிமிடம். எடைமேடையின் ஒரு நாள் பதிவுக்கும் ரவுட்டரைத் திருத்துவதற்கும் இது தாராளம். வேறெதற்கும் ஆசைப்பட வேண்டாம்.

இந்த வழிகாட்டியில் வேலையின் வரிசையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பலரும் மோடத்தை முதலில் மாட்டி, அது அழைப்பை எடுப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கடவுச்சொல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை. தொலைபேசி எண்களை வரிசையாக டயல் செய்து, எந்த எண்ணில் மோடம் சத்தம் கேட்கிறது என்று தேடிப் பிடிக்கும் பழக்கம் மோடங்கள் பரவிய காலத்திலிருந்தே உண்டு. அதற்கு இணையமே தேவையில்லை, ஒரு போன் லைன் போதும். ஆகவே முதலில் பூட்டு, அடுத்து லைன், அடுத்து மோடம், அப்புறம் பிபிபி (போன் லைனில் இரண்டு முனையும் ஐபி தரவைப் பரிமாறிக்கொள்ளும் முறை). போன் கம்பியைச் சுவரில் சொருகுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

கட்டளைகளை இங்கே வாயால் சொல்கிற ஒலிப்பில் தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். எழுத்தில் ஐயம் வந்தால் கட்டளையின் நடுவிலேயே கேள்விக்குறியைத் தட்டுங்கள். அந்த இடத்தில் என்னென்ன சொற்கள் வரலாம் என்று ரவுட்டரே பட்டியல் காட்டும்.

யாருக்கு எந்த வேலை

அழைப்பை எடுப்பது மோடம். மணி அடிப்பதைக் கவனித்து, லைனை எடுத்து, எதிர்முனை மோடத்தோடு வேகம் பேசி முடித்து, ‘கேரியர் (எதிர்முனை மோடத்தின் ஒலி) வந்துவிட்டது’ என்று ஒரு கம்பியில் ரவுட்டருக்குச் சொல்லும். அந்தக் கம்பியின் பெயர் டிசிடி. ரவுட்டர் தன் பக்கத்திலிருந்து ‘நான் தயார்’ என்று சொல்லும் கம்பி டிடிஆர். ரவுட்டர் டிடிஆரை இறக்கினால் மோடம் லைனை வைத்துவிட வேண்டும். எதிர்முனை வைத்துவிட்டால் மோடம் டிசிடியை இறக்க வேண்டும். யார் அழைப்பது என்று விசாரிப்பது ரவுட்டரின் வேலை. அது பிபிபி பேச்சுவார்த்தைக்குள் நடக்கும். பிபிபியில் மூன்று கட்டங்கள் உண்டு: எல்சிபி என்னும் இணைப்புப் பேச்சு, அடுத்து அடையாளச் சோதனை, அது தேறினால்தான் ஐபி முகவரி கொடுக்கும் ஐபிசிபி.

இந்த இரண்டு கம்பிகளைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிசிடி சரியாக வேலை செய்யாவிட்டால், உள்ளே வந்தவர் வெளியேறாமல் போனை வைத்துவிட்டதை ரவுட்டர் உணராது. அவருடைய அமர்வு அப்படியே திறந்து கிடக்கும். அடுத்து அந்த எண்ணை அழைக்கும் எவரும், கடவுச்சொல் எதுவும் கேட்கப்படாமல், முதலாமவர் விட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். முதலாமவர் நிர்வாகியாக இருந்திருந்தால் இவரும் நிர்வாகிதான். கடவுச்சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த ஓட்டையை அது அடைக்காது.

சாமான்கள்

சிஸ்கோ 2500, 2600 போன்ற பழைய ரவுட்டரின் பின்புறம் ஆக்ஸ் என்று எழுதிய ஒரு துளை இருக்கும். வெளி மோடத்தை அதில் இணைக்கலாம். 2500 வகையில் அந்தத் துளையின் வேகம் 38400 வரைதான். 2600-இல் 115200 வரை போகும். கேபிள் விஷயத்தில் கவனம் தேவை. ரவுட்டரோடு வரும் தட்டையான ரோல்டு கேபிளை ஆக்ஸில் சொருகி, மறுமுனையில் ‘மோடம்’ என்று அச்சிட்ட 25 முள் அடாப்டரைப் போட வேண்டும். பார்க்க அதே மாதிரி இருக்கும் ‘டெர்மினல்’ அடாப்டரைப் போட்டால் டிசிடி கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. மேலே சொன்ன ஓட்டைக்கு அதுவே போதும்.

வெளி மோடத்தில் விளக்குகள் இருப்பது பெரிய வசதி. விளக்கில்லாத மோடம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தூரத்திலிருந்து பழுது பார்க்கும்போது அந்த விளக்குகள்தான் உங்கள் கண்.

பூட்டு

கன்சோல் துளையில் மடிக்கணினியை இணைத்து உள்ளே போங்கள்: வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். கான்ஃபிக் முறைக்கு (ரவுட்டரின் அமைப்பைத் திருத்தும் நிலைக்கு) போய் இவற்றை எழுதுங்கள்:

ஹோஸ்ட்நேம் மில்1
எனேபிள் சீக்ரெட் (நீளமான ஒரு கடவுச்சொல்)
யூசர்நேம் பராமரிப்பு சீக்ரெட் (இன்னொன்று)
யூசர்நேம் ஈப்போ1 பாஸ்வேர்ட் (மூன்றாவது)
சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன்
ஏஏஏ நியூ-மாடல்
ஏஏஏ ஆதென்டிகேஷன் லாகின் டீஃபால்ட் லோக்கல்
ஏஏஏ ஆதென்டிகேஷன் பிபிபி டீஃபால்ட் லோக்கல்

ஒரு பயனருக்குச் சீக்ரெட் என்றும் இன்னொருவருக்குப் பாஸ்வேர்ட் என்றும் இருப்பதைக் கவனியுங்கள். சீக்ரெட் என்று எழுதினால் ரவுட்டர் அதை எம்டி5 என்னும் ஒருவழிக் கணக்கின் மூலம் பொடியாக்கி வைக்கும். மூலச் சொல்லை அதுவே திரும்ப எடுக்க முடியாது. உள்நுழைவுக்கு அது நல்லது. ஆனால் நாம் பயன்படுத்தப் போகும் சாப் என்னும் அடையாளச் சோதனை முறைக்கு மூலச் சொல் ரவுட்டரின் கையில் இருந்தாக வேண்டும். டயல் செய்யும் பயனருக்குச் சீக்ரெட் போட்டுவிட்டு, கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏன் மறுக்கிறது என்று நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. காரணம் இதுதான்.

அதற்கு ஒரு விலையும் இருக்கிறது. சர்வீஸ் பாஸ்வேர்ட்-என்கிரிப்ஷன் போட்டால் கான்ஃபிக்கில் அந்தச் சொல் 7 என்ற எண்ணோடு குழப்பமான எழுத்துகளாகத் தெரியும். அது பூட்டு இல்லை, வெறும் திரை. அதைத் திருப்பிப் படிக்கும் நிரல்கள் யாருக்கும் கிடைக்கும். அதனால் ரவுட்டரின் கான்ஃபிக் அச்சுத்தாளை ஆபீஸ் சுவரில் ஒட்டக்கூடாது, மின்னஞ்சலில் அப்படியே அனுப்பவும் கூடாது. ஈப்போ1-க்குக் கொடுக்கும் சொல் வேறெங்கும் பயன்படுத்தாத சொல்லாக இருக்கட்டும்.

ஏஏஏ என்பது யார் உள்ளே வரலாம் என்று சோதிக்கும் ஏற்பாடு. ஏஏஏ நியூ-மாடல் வரியும் அதை அடுத்த லாகின் வரியும் சேர்ந்து கன்சோல் உட்பட எல்லா நுழைவாயிலையும் மாற்றிவிடும். பயனரை எழுதாமல் அந்த வரிகளைப் போட்டால் நீங்களே வெளியே நிற்பீர்கள். அதனால்தான் பயனர் வரிகளை அவற்றுக்கு மேலே வைத்திருக்கிறேன். வேலை தொடங்கும் முன் ‘ரீலோட் இன் 30’ என்று கொடுத்துவிடுங்கள். ஏதாவது தவறிப்போய் உள்ளே வர முடியாவிட்டால், அரை மணி நேரத்தில் ரவுட்டர் தானாக மறுபடி எழுந்து, சேமித்த பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எல்லாம் சரியென்றால் ‘ரீலோட் கேன்சல்’. சோதித்து முடிக்கும் வரை எதையும் சேமிக்காதீர்கள்.

தலைமை அலுவலகத்தில் ரேடியஸ் சர்வர் (பயனர் பட்டியலை ஒரே இடத்தில் வைத்துச் சோதிக்கும் கணினி) இருந்தால், எல்லாப் பயனரையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். நல்ல யோசனைதான். ஆனால் இந்த டயல்-அப் வழி எதற்காக என்று நினைத்துப் பாருங்கள். ஃபைபர் அறுந்த நேரத்தில் உள்ளே வருவதற்காக. அந்த நேரத்தில் ஆலை ரவுட்டரால் ரேடியஸ் சர்வரைத் தொடவே முடியாது. ஆகவே ரேடியஸ் வைப்பதானால் கடைசி வரி இப்படி இருக்கட்டும்:

ஏஏஏ ஆதென்டிகேஷன் பிபிபி டீஃபால்ட் குரூப் ரேடியஸ் லோக்கல்

சர்வரிடமிருந்து பதிலே வராவிட்டால் ரவுட்டர் தன் கையிலுள்ள பட்டியலைப் பார்க்கும். சர்வர் பதில் சொல்லி ‘இவர் வேண்டாம்’ என்று மறுத்தால் லோக்கலுக்குப் போகாது, அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று: பழைய சிஸ்கோ மென்பொருள் ரேடியஸுக்கு 1645, 1646 என்ற போர்ட்களை இயல்பாக எடுத்துக்கொள்ளும். 2000-இல் வந்த ரேடியஸ் தரமோ 1812, 1813 என்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் சாப், ஏன் பாப் வேண்டாம்

பாப் முறையில் அழைப்பவர் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே லைனில் அனுப்புவார். தோட்டத்துப் போன் கம்பி கட்டை கட்டையாகத் தாண்டிப் பட்டணத்துக்கு வருகிறது. நடுவில் யார் கொக்கி போட்டாலும் தெரியப்போவதில்லை. சாப் முறையில் கடவுச்சொல் லைனில் போகவே போகாது. ரவுட்டர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அழைப்பவர் அந்தப் புதிரையும் கடவுச்சொல்லையும் சேர்த்து எம்டி5 கணக்குப் போட்டு விடையை மட்டும் அனுப்புவார். ரவுட்டரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால் உள்ளே விடும். நடுவில் ஒருவர் பதிவு செய்து வைத்தாலும், அடுத்த அழைப்பில் புதிர் மாறிவிடுவதால் அந்த விடை உதவாது. 1996-இல் வெளியான, 1994 என்ற எண் கொண்ட ஆர்எஃப்சி ஆவணம்தான் இதற்கான தரம். எம்டி5 பழசாகிவிட்டது உண்மை. சின்னக் கடவுச்சொல்லை உட்கார்ந்து ஊகித்துக் கண்டுபிடிக்க முடியும். அதனால்தான் நீளமான சொல் வேண்டும் என்கிறேன்.

அழைப்பது கணினியாக இருந்தால், அதன் டயல்-அப் இணைப்பில் தட்டும் பயனர்பெயர்தான் ரவுட்டருக்குப் போகும். அழைப்பது இன்னொரு ரவுட்டராக இருந்தால் அதன் ஹோஸ்ட்நேம்தான் பயனர்பெயர். அப்போது இரண்டு ரவுட்டரிலும் எதிராளியின் பெயரில் ஒரு யூசர்நேம் வரி இருக்க வேண்டும், கடவுச்சொல் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கில் வரும்.

லைனும் மோடமும்

‘ஷோ லைன்’ என்று கேட்டால் ஆக்ஸ் துளையின் லைன் எண் தெரியும். 2600-இல் அது 65. உங்கள் ரவுட்டரில் என்ன வருகிறதோ அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள், கீழே 65 வரும் இடமெல்லாம் அதைப் போடுங்கள்.

லைன் ஆக்ஸ் 0
மோடம் இன்அவுட்
ஸ்பீட் 115200
ஸ்டாப்பிட்ஸ் 1
ஃப்ளோகன்ட்ரோல் ஹார்ட்வேர்
டிரான்ஸ்போர்ட் இன்புட் டெல்நெட்
எக்செக்-டைம்அவுட் 5 0
அப்சல்யூட்-டைம்அவுட் 60

மோடம் இன்அவுட் என்ற வரிதான் ரவுட்டரை டிசிடியைக் கவனிக்க வைக்கிறது, அழைப்பு முடிந்ததும் டிடிஆரை இறக்க வைக்கிறது. அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். ஸ்டாப்பிட்ஸ் வரியை விட்டுவிடாதீர்கள், இயல்பில் அது 2. கடைசி வரி ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த அழைப்பையும் நீடிக்க விடாது. போன் கட்டணத்துக்கும் அது நல்லது.

இப்போது மோடத்தோடு நேரடியாகப் பேச வேண்டும். ஆலை வலையிலுள்ள ஒரு கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு, 2000-ஐயும் லைன் எண்ணையும் கூட்டினால் வரும் போர்ட்டில் டெல்நெட் (வலை வழியாக எழுத்துத் திரையில் இணையும் முறை) செய்யுங்கள். ரவுட்டர் 192.168.10.1 என்றால், 192.168.10.1-இல் 2065. உள்நுழைவு கேட்டால் பராமரிப்பு பயனரைக் கொடுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டால் ‘கிளியர் லைன் 65’ கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். உள்ளே போனதும் ‘ஏடி’ என்று தட்டி என்டர் அடித்தால் மோடம் ‘ஓகே’ சொல்ல வேண்டும். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் கேபிளைப் பாருங்கள்.

ஓகே வந்துவிட்டதென்றால் வரிசையாக இவை:

ஏடி&எஃப் (தொழிற்சாலை நிலைக்குத் திரும்ப)
ஏடி&சி1 (டிசிடி உண்மையான கேரியரைப் பின்பற்ற)
ஏடி&டி2 (டிடிஆர் இறங்கினால் லைனை வைக்க)
ஏடிஎஸ்0=3 (மூன்றாவது மணியில் எடுக்க)
ஏடிஈ0கியூ1&டபிள்யூ (எதிரொலியையும் பதில்களையும் நிறுத்தி, எல்லாவற்றையும் சேமிக்க)

ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலுக்கான (ஒரு பக்கம் நிரம்பினால் மறுபக்கத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடு) கட்டளை மோடத்துக்கு மோடம் மாறும். சேமிக்கும் அந்தக் கடைசி வரிக்கு முன்பே அதைக் கொடுத்துவிடுங்கள். ராக்வெல், கோனெக்ஸன்ட் சில்லு உள்ளவற்றில் &கே3; யூஎஸ் ரோபோடிக்ஸில் &எச்1&ஆர்2. யூஎஸ் ரோபோடிக்ஸ் வெளி மோடமாக இருந்தால் அதிலுள்ள சின்ன ஸ்விட்ச்களையும் கையேட்டோடு ஒத்துப்பாருங்கள். டிடிஆரைப் புறக்கணிக்கும்படியோ டிசிடி எப்போதும் எரியும்படியோ அவை வைக்கப்பட்டிருக்கலாம்.

கடைசி வரிக்குப் பிறகு மோடம் வாயைத் திறக்காது. ஓகே கூட வராது. பயப்பட வேண்டாம், வேண்டியதும் அதுதான். மோடம் எதிரொலித்துக்கொண்டிருந்தால், ரவுட்டர் அனுப்பும் வரவேற்பு வாசகத்தை அது திருப்பி அனுப்பும், ரவுட்டர் அதை யாரோ தட்டுவதாக எடுத்துக்கொள்ளும், இரண்டும் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். எஸ்0-ஐ 1 என்று வைக்காமல் 3 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு. எண்களை வரிசையாக டயல் செய்து மோடம் தேடுபவர்களின் நிரல்கள் பல நேரம் ஓரிரண்டு மணிக்கு மேல் காத்திருப்பதில்லை.

கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தி, விட்டுவிட்டு எக்ஸ் தட்டினால் ரவுட்டர் வழியாகத் திறந்த அமர்விலிருந்து வெளியே வரலாம். கணினியிலிருந்து வந்திருந்தால் டெல்நெட் ஜன்னலை மூடினாலே போதும். வந்ததும் முதல் வேலையாக லைனில் ‘டிரான்ஸ்போர்ட் இன்புட் நன்’ என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஆலை வலையில் உள்ள யாரும் அதே போர்ட்டில் நுழைந்து மோடத்திலிருந்து வெளியே போன் போடலாம். பில் தோட்டத்துக்குத்தான் வரும்.

பிபிபி

இன்டர்ஃபேஸ் அசிங்க் 65
ஐபி அன்நம்பர்ட் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0
என்கேப்சுலேஷன் பிபிபி
அசிங்க் மோட் டெடிகேட்டட்
பியர் டீஃபால்ட் ஐபி அட்ரஸ் 192.168.10.240
பிபிபி ஆதென்டிகேஷன் சாப் காலின்
ஐபி அக்சஸ்-குரூப் 110 இன்

இருப்பது ஒரே லைன், ஆகவே ஒரே முகவரி போதும். அது ஆலை வலையின் வரிசையிலிருந்தே எடுக்கப்பட்டது. வேறெந்தக் கணினிக்கும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். ரவுட்டர் ப்ராக்ஸி ஏஆர்பி செய்வதால் (அழைப்பவரின் முகவரியைத் தேடுபவர்களுக்கு அவருக்குப் பதில் தானே விடை சொல்வதால்) எடைமேடைக் கணினிக்கு அழைப்பவர் பக்கத்து மேசையில் இருப்பது போலவே தெரியும். தனியாக ரூட் எழுத வேண்டியதில்லை.

டெடிகேட்டட் என்றால் இந்த லைனில் பிபிபி மட்டுமே, எழுத்து வடிவ உள்நுழைவு கிடையாது. இன்டர்ஆக்டிவ் என்று வைத்து, லைனில் ‘ஆட்டோசெலக்ட் பிபிபி’ போட்டால் இரண்டும் கிடைக்கும். ரவுட்டரை மட்டும் திருத்த வேண்டும், தரவு எதுவும் எடுக்கப்போவதில்லை என்றால் பிபிபியே இல்லாமல் வெறும் எழுத்து உள்நுழைவு கூடப் போதும். மோசமான லைனில் அது பிபிபியை விடத் தாக்குப்பிடிக்கும். எடைமேடைக் கணக்கும் வேண்டுமென்றால் நான் டெடிகேட்டட்தான் வைப்பேன். வாசல் ஒன்றாக இருந்தால் காவலும் ஒன்று போதும். காலின் என்ற சொல், உள்ளே வரும் அழைப்புகளிடம் மட்டும் அடையாளம் கேட்கச் சொல்கிறது.

இனி உள்ளே வந்தவர் எங்கெல்லாம் போகலாம் என்பது:

அக்சஸ்-லிஸ்ட் 110 பெர்மிட் ஐபி ஹோஸ்ட் 192.168.10.240 ஹோஸ்ட் 192.168.10.5
அக்சஸ்-லிஸ்ட் 110 பெர்மிட் டிசிபி ஹோஸ்ட் 192.168.10.240 ஹோஸ்ட் 192.168.10.1 ஈக்யூ 22

192.168.10.5 எடைமேடைக் கணினி. இரண்டாவது வரி ரவுட்டருக்குள் எஸ்எஸ்எச் (டெல்நெட் போன்றது, ஆனால் மறையாக்கம் செய்தது) வழியாக வர. உங்கள் மென்பொருளில் எஸ்எஸ்எச் இல்லாவிட்டால் 22-க்குப் பதில் டெல்நெட்டின் 23. இந்த இரண்டையும் தவிர மற்ற எல்லாம் தானாக மறுக்கப்படும். சம்பளக் கணினிக்கு இந்த லைன் வழியாகப் போக எந்த அவசியமும் இல்லை.

சுவரில் சொருகும் முன்

அந்தப் போன் லைனில் வேறென்ன தொங்குகிறது என்று பாருங்கள். ஃபேக்ஸ் இயந்திரம் இருந்தால் அது முதல் மணியிலேயே எடுத்துவிடும். ஆபீஸில் சின்னப் பிஏபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) இருந்தால், டிஜிட்டல் மேசைப் போன் இருந்த துளையில் மோடத்தைச் சொருகாதீர்கள், மோடம் எரிந்துபோகலாம். நேரடி லைன்தான் உத்தமம். அழைப்புக் காத்திருப்பு வசதி இருந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி நிறுத்துங்கள். அந்த டிங் சத்தம் ஒன்று போதும், இணைப்பு அறுந்துவிடும்.

செப்பு லைன் போய், ஃபைபர் பெட்டியிலிருந்து போன் வரும் இடங்களில் இந்த அமைப்பு சுகப்படாது. குரல் அங்கே பொட்டலங்களாக நறுக்கப்பட்டுப் போகிறது. காதுக்கு வித்தியாசம் தெரியாது, மோடத்துக்குத் தெரியும். அதை விட முக்கியம், ஃபைபர் அறுந்தால் அந்தப் போனும் சேர்ந்தே போய்விடும். அங்கே மாற்று வழியாக நல்ல ஆன்டெனா வைத்த 4ஜி ரவுட்டரைப் பாருங்கள்.

அழைத்துப் பார்ப்பது

தலைமை அலுவலகக் கணினியில் டயல்-அப் இணைப்பை உருவாக்குங்கள். பாதுகாப்புப் பக்கத்தில் பாப்பை எடுத்துவிட்டுச் சாப்பை மட்டும் வையுங்கள். எதிர்முனையின் கேட்வேயைப் பயன்படுத்து என்ற குறியையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கணினியின் இணையம் முழுவதும் 33.6 கிலோபிட் லைனுக்குள் நுழையப் பார்க்கும்.

ரவுட்டரில் ‘டீபக் பிபிபி நெகோசியேஷன்’, ‘டீபக் பிபிபி ஆதென்டிகேஷன்’ இரண்டையும் போட்டுவிட்டு டயல் செய்யுங்கள். கன்சோலில் அல்லாமல் டெல்நெட்டில் இருந்தால் ‘டெர்மினல் மானிட்டர்’ கொடுத்தால்தான் வரிகள் தெரியும். நல்லபடியாக நடந்தால் எல்சிபி ஓப்பன், அடுத்து சேலஞ்ச், ரெஸ்பான்ஸ், சக்சஸ், அப்புறம் ஐபிசிபி என்று ஓடும்.

ஓடாவிட்டால் எங்கே நின்றது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். எல்சிபியில் ரவுட்டர் கான்ஃபிக் கோரிக்கைகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, எதிர்முனையிலிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் கடவுச்சொல்லைத் தொடாதீர்கள். அது வேகம், ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல், கேபிள் இவற்றில் ஒன்று. ரெஸ்பான்ஸ் வந்து ‘எம்டி கம்பேர் ஃபெயில்ட்’ என்றால் பெயர் சரி, கடவுச்சொல் தவறு. பெயரே கிடைக்கவில்லை என்று சொன்னால் எழுத்துப் பிழை. எல்லாம் தேறி, எடைமேடைக் கணினியை மட்டும் தொட முடியவில்லையென்றால் அக்சஸ்-லிஸ்ட்.

டீபக்கில் ஒரு வரியும் வராமல் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் மோடத்தின் முன்னால் நிற்கும் கிராணியைத்தான் (ஆபீஸ் எழுத்தரை) கேட்க வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“கிராணி ஐயா, மோடத்துல ஏஏ விளக்கு எரியுதுங்களா?”

“எரியுது தம்பி.”

“பக்கத்துல டிஆர்?”

“அது அணைஞ்சிருக்கேப்பா.”

முடிந்தது, காரணம் கிடைத்துவிட்டது. ஏஏ என்பது தானாக எடுக்கும் நிலை, டிஆர் என்பது ரவுட்டர் தரும் டிடிஆர். &டி2 போட்ட மோடம், டிடிஆர் இல்லாதபோது எத்தனை மணி அடித்தாலும் எடுக்காது. கேபிள் கழன்றிருக்கும், அல்லது ரவுட்டர் அணைந்திருக்கும், அல்லது யாரோ லைன் கான்ஃபிக்கில் கை வைத்திருப்பார்கள். சரியாக இருக்கும்போது என்ன நடக்கும் என்றால், மணி அடிக்கையில் ஏஏ சிமிட்டும், மூன்றாவது மணியில் ஓஎச் (லைனை எடுத்துவிட்டது என்று காட்டும் விளக்கு) எரியும், கிறீச்சிடும் சத்தம் சில நொடி கேட்கும், பிறகு சிடி (கேரியர் வந்ததைக் காட்டும் விளக்கு) எரிந்து நிலைக்கும். இந்த நாலு விளக்கையும் ஆபீஸில் ஒருவருக்காவது காட்டிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த சோதனையைப் பலர் செய்வதில்லை, நீங்கள் கட்டாயம் செய்யுங்கள். இணைப்பு நன்றாக இருக்கும்போது, வெளியேறாமல், தலைமை அலுவலக மோடத்தின் போன் கம்பியைச் சட்டென்று பிடுங்குங்கள். ஆலை மோடத்தில் கொஞ்ச நேரத்தில் சிடி அணைய வேண்டும். டிஆர் ஒரு கணம் அணைந்து மறுபடி எரிய வேண்டும். ‘ஷோ யூசர்ஸ்’ கேட்டால் ஈப்போ1 பட்டியலில் இருக்கக்கூடாது. பிறகு மறுபடி அழைத்து, தவறான கடவுச்சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். மறுத்து லைனையும் வைத்துவிட வேண்டும். இந்த இரண்டும் தேறினால்தான் ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்’. டீபக்கை ‘அன்டீபக் ஆல்’ கொடுத்து நிறுத்துங்கள், ரீலோட் கேன்சலையும் மறந்துவிட வேண்டாம்.

இன்னும் இறுக்க வேண்டுமானால் கால்பேக் வைக்கலாம். அடையாளம் தேறியதும் ரவுட்டர் லைனை வைத்துவிட்டு, ஏற்கெனவே எழுதிவைத்த தலைமை அலுவலக எண்ணுக்குத் தானே திருப்பி அழைக்கும். கடவுச்சொல் திருடு போனாலும் திருடியவர் அந்த எண்ணில் உட்கார்ந்திருக்க முடியாது. அதற்கு டயல் செய்யும் சாட்-ஸ்கிரிப்ட் (மோடத்துக்கு ரவுட்டர் சொல்ல வேண்டிய கட்டளைகளின் பட்டியல்) எழுத வேண்டும், அழைப்புச் செலவும் ஆலையின் தலையில் விழும். ஒரே இடத்திலிருந்து மட்டும் அழைப்பவர்களுக்குப் பொருத்தம், வீட்டிலிருந்தும் அழைக்க வேண்டியவர்களுக்கு இடைஞ்சல்.

இடி மின்னல்

நம் பக்கத்தில் மோடம் சாவது பெரும்பாலும் இதனால்தான். ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். வெட்டவெளியில் கட்டை கட்டையாக வரும் போன் கம்பி அதை நேராக மோடத்துக்குள் கொண்டுவரும். மின்கம்பிக்கு மட்டும் பாதுகாப்பு வைத்துவிட்டுப் போன் கம்பியை விட்டுவிடுகிறார்கள். போன் லைனுக்கான சர்ஜ் பாதுகாப்புப் பெட்டியை வாங்கி, அதன் பச்சை எர்த் கம்பியை உண்மையான எர்த்தில் இணையுங்கள். எர்த் இல்லாமல் அந்தப் பெட்டி வெறும் அலங்காரம். மோடமும் ரவுட்டரும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். ஜெனரேட்டர் மாறும்போது ஒன்று அணைந்து மற்றொன்று எரிந்தால் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் நின்றுவிடும். அதே மாதிரி இன்னொரு மோடத்தை, மேலே சொன்ன ஏடி கட்டளைகளைச் சேமித்து, பெட்டியில் போட்டு, எந்தத் துளையில் எந்தக் கம்பி என்று தாள் ஒட்டி, ஆபீஸ் அலமாரியில் வைத்துவிடுங்கள். இடி விழுந்த மறுநாள் காலையில் கிராணியே மாற்றிவிடுவார்.